நூற்றுக்கு முப்பது

பள்ளிக்கூடத்திலிருந்து பையன் நூற்றுக்கு முப்பது மார்க்கு வாங்கிக்கொண்டு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்? அடிக்கமாட்டீர்கள். அந்தக் காலமெல்லாம் போய்விட்டது. ஆனால் அன்று இரவு வீட்டில் ஒருவரும் வாய்க்கு ருசியாகச் சாப்பிடமாட்டீர்கள். "எதிர்வீட்டுப் பையன் எண்பத்தேழாமே?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டு தட்டையே பார்த்துக் கொண்டிருப்பான்.

நூற்றுக்கு முப்பது வாங்கினால் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற பரீட்சை ஒன்றும் உலகத்தில் இருக்கிறது. அமெரிக்காக்காரர்கள் உயிரை விடுகிறார்களே, பேஸ்பால் ஆட்டம், அதைத்தான் சொல்கிறேன். அந்தப் பரீட்சையில் பாஸ் செய்த ஒரு பையனின் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். "எங்களுக்கு எதற்கு ஆண்பிள்ளைகள் ஆட்டமும் அமளியும்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! கதையில் ஆட்டம் கொஞ்சம்தான். அந்தப் பையனை ஆளாக்கினவர்களின் கதைதான் அதிகம்.

முதலில் ஆட்டத்தைப்பற்றி இரண்டு வார்த்தை. பக்கத்துக்கு ஒன்பது பேர். ஒருவன் பந்தை எறிகிறான். எதிர்க்கட்சிக்காரன் உருண்டைக் கட்டையால் அதை அடிக்கிறான். அடித்துவிட்டு, சாய்சதுரமாக அமைந்த நான்கு மூலைகளையும் சுற்றி ஓடிவந்தால் ஒரு ஓட்டம். பந்து தரையில் விழுவதற்குள் யாராவது பிடித்துவிட்டால் அடித்தவன் அவுட். நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். மைதானத்தின் கடைசிக் கோடியில் மூன்று பேர் காவல் நிற்பார்கள். அவுட்ஃபீல்டர்கள் என்று அவர்களுக்குப் பெயர். நடுவே நிற்பவனுக்குத்தான் ஓட்டம் ஜாஸ்தி. உயரக் கிளம்பின பந்து எங்கே இறங்கும் என்பதைக் கட்டையில் பட்ட சத்தத்திலேயே கணக்குப் போட்டுவிட்டு அவன் ஓட ஆரம்பிக்க வேண்டும்.

பந்தை அடிப்பதோ அதைவிடக் கஷ்டம். பத்துத் தடவை கட்டையைப் பிடித்து நின்றால் மூன்று தடவை சரியாக அடிப்பவன் கெட்டிக்காரன். மற்ற ஏழு தடவையும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வரவேண்டியதுதான். ஆக, நூற்றுக்கு முப்பது வாங்கினால் முதல் வகுப்பு!

* * *

நம் கதாநாயகன் வில்லி மேஸ். அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாகாணம். அங்கே பர்மிங்ஹாம் நகரத்துக்குப் பக்கத்தில் வெஸ்ட்ஃபீல்ட் என்ற ஊர். எஃகுத் தொழிற்சாலைத் தொழிலாளிகள் குடியிருந்த ஊர். 1931-ம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி வில்லி அங்கே பிறந்தான். கறுப்பர் குடும்பம். அந்த நாளில் அலபாமாவில் கறுப்பர்களுக்குப் பள்ளிக்கூடம் தனி, பஸ்ஸில் ஆசனம் தனி, குடிக்கிற தண்ணீர்க் குழாய்கூடத் தனி.

வில்லியின் தாய் நல்ல ஓட்டக்காரி, கூடைப்பந்தும் ஆடியவள். தகப்பனார் பேஸ்பாலில் சூரர். பூனைபோல் பாய்ந்து பந்தைப் பிடிப்பாராம். அதனால் ஊரில் அவருக்கு 'பூனை' என்றே பெயர். ஆனால் குழந்தைக்கு மூன்று வயது ஆகும்போது பெற்றோர்கள் பிரிந்துவிட்டார்கள். வில்லி தகப்பனாரிடம் வளர்ந்தான். தாயின் தங்கைகள் இருவர், ஸாராவும் எர்னஸ்டினும், அந்த வீட்டைத் தாங்கினார்கள். அவர்களும் அப்போது சின்னஞ்சிறு பெண்கள்தான். சமைத்துப் போட்டு, துவைத்துப் போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது அந்தச் சின்னம்மாக்கள்தான். எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்! பிள்ளையின் பெயர் பத்திரிகையில் வருகிறது. சோறு போட்ட சித்தியின் பெயர் எங்கே வருகிறது?

தகப்பனாரின் திறமை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. வாரம் முழுவதும் உழைப்பு. ஓய்ந்த வேளையில் தொழிற்சாலைக் கோஷ்டியில் ஆட்டம். மேஜர் லீக் என்று சொல்லுகிற பெரிய ஆட்டத்துக்குக் கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று வெள்ளைக்கார முதலாளிகள் தங்களுக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்தார்கள். எழுத்தில் சட்டம் கிடையாது. எழுதாத சட்டத்தை மீறுவதுதானே கஷ்டம்! 1947-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி ஜாக்கி ராபின்ஸன் புரூக்லின் டாட்ஜர்ஸ் கோஷ்டியில் இறங்கின பிறகுதான் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. அன்று வில்லிக்குப் பதினாறு வயது நிரம்ப மூன்று வாரம் பாக்கி. தகப்பனாருக்கோ காலம் கடந்துவிட்டது.

* * *

வில்லி படித்தது ஃபேர்ஃபீல்ட் என்ற ஊரில் உள்ள தொழிற்பயிற்சி உயர்நிலைப் பள்ளி. அங்கே அவன் கற்றுக்கொண்ட தொழில் என்ன தெரியுமா? துணி வெளுப்பது, சாயம் போடுவது, இஸ்திரி போடுவது! பின்னாளில் ஒரு தேசமே எழுந்து நின்று கை தட்டின மனிதருக்குப் பள்ளிக்கூடம் கையில் கொடுத்தது ஒரு இஸ்திரிப் பெட்டி. அந்தத் தொழிலில் இழிவு ஒன்றும் இல்லை. ஒரு கறுப்புப் பையன் எவ்வளவு தூரம் போகலாம் என்று அந்த ஊர் போட்டு வைத்திருந்த எல்லை அது, அவ்வளவுதான்.

1948-ல், பதினேழு வயதில், பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ் என்ற கோஷ்டி வில்லியைச் சேர்த்துக்கொண்டது. கறுப்பர்களுக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீக்கில் பெயர் பெற்ற கோஷ்டி. அதன் மானேஜர் பைப்பர் டேவிஸ் தகப்பனாருக்கு முன்பே பழக்கம். இருவரும் சேர்ந்து ஆடினவர்கள். மாசம் 250 டாலர் சம்பளம். தொழிலாளி வீட்டுக்கு அது புதையல்!

இந்த இடத்தில்தான், படிக்கிற பிள்ளையை வைத்திருக்கும் தாய்மார்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியருக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை. "பையன் சம்பளத்துக்கு ஆடப்போனால் படிப்பு என்ன ஆவது?" என்று அவர் பிடிவாதம் பிடித்தார். மானேஜருக்குப் பையன் வேண்டும். தகப்பனாருக்கு இரண்டும் வேண்டும். கடைசியில் ஒரு ராஜி ஏற்பட்டது. பள்ளிக்கூடம் நடக்கிற நாட்களில் வில்லி உள்ளூர் ஆட்டங்களில் மட்டும் ஆடலாம். வெளியூர்ப் பிரயாணமெல்லாம் லீவு விட்ட பிறகுதான். வில்லியும் அப்படியே ஆடினான், அப்படியே படித்தான், 1950-ம் வருஷம் படிப்பை முடித்துக்கொண்டு பள்ளியை விட்டு வெளியே வந்தான். படிப்பா, பந்தா என்று இரண்டில் ஒன்றைக் குழந்தையின் கழுத்தைப் பிடித்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல், பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு கால அட்டவணை போட்டார்கள் பாருங்கள், அதை நான் மெச்சுகிறேன்.

பைப்பர் டேவிஸ் வெறும் மானேஜராக இருக்கவில்லை. வளைந்து வரும் பந்து வில்லிக்கு எமனாக இருந்தது. அதை எப்படி நின்று அடிப்பது என்று கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கோஷ்டியில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் வளர்ந்த ஆண்கள். பஸ்ஸே வீடு, பஸ்ஸே படுக்கை என்று ஊர் ஊராகப் போகிறவர்கள். அவர்கள் நடுவே ஒரு பள்ளிக்கூடப் பையன் கெட்டுப் போகாமல் திரும்பி வந்தான் என்றால் அதற்கும் காரணம் அந்த மானேஜர்தான்.

* * *

1950-ல் நியூயார்க் ஜெயண்ட்ஸ் என்ற பெரிய கோஷ்டி இரண்டு ஆட்களை பர்மிங்ஹாமுக்கு அனுப்பியது. பார்க்க வந்தது வில்லியை அல்ல. பேரன்ஸ் கோஷ்டியில் இருந்த அலோன்ஸோ பெர்ரி என்ற வேறு ஓர் ஆட்டக்காரரை. பெண் பார்க்கப் போன இடத்தில் அக்காளை விட்டுவிட்டுத் தங்கையை நிச்சயம் செய்துகொண்டு வந்த கதையாக, அவர்கள் கண் நடுமைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பையன்மேல் விழுந்துவிட்டது! பள்ளியை முடித்த கையோடு வில்லிக்கு 4,000 டாலர் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

நேரே பெரிய ஆட்டத்துக்கு அனுப்பமாட்டார்கள். கீழ் வகுப்பில் சேர்த்து, தேறினால்தான் மேல் வகுப்பு. முதலில் டிரென்டன் என்ற ஊர்க் கோஷ்டி. அந்த லீக்கிலேயே முதல் கறுப்பு ஆட்டக்காரன் வில்லிதான். முதல் ஆட்டம் மேரிலாண்ட் மாகாணத்தில் ஹேகர்ஸ்டவுன் என்ற ஊரில். மைதானத்தில் இறங்கினதும் நாலா பக்கமும் வசவு. அதைச் சகித்துக்கொண்டான். ராத்திரி வந்தது. கோஷ்டியார் தங்கும் ஹோட்டலில் கறுப்பனுக்கு இடம் இல்லை. ஊரின் மற்றொரு கோடியில், கறுப்பர் தங்கும் விடுதியில் அவனைக் கொண்டுபோய் விட்டார்கள். பத்தொன்பது வயது. வீட்டை விட்டு வந்த புதிது. தனி அறை. வெளியே முன்பின் தெரியாத ஊர்.

நடு இரவில் ஜன்னல் பக்கம் சத்தம் கேட்டது. பார்த்தால், கோஷ்டியைச் சேர்ந்த வெள்ளைக்காரப் பையன்கள் மூன்று பேர் ஜன்னல் வழியாக ஏறி உள்ளே குதிக்கிறார்கள்! வில்லி தனியாக இருக்கிறானே, ஏதாவது ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குக் கவலை. வெறுந்தரையில் படுத்துத் தூங்கிவிட்டு, விடிகிற சமயம் வந்த வழியே போய்விட்டார்கள். பிரசங்கம் இல்லை, பத்திரிகைச் செய்தி இல்லை. மனிதத் தன்மை என்பது சில சமயம் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

டிரென்டனில் அவன் வாங்கின 'மார்க்கு' ஆயிரத்துக்கு 353. அடுத்த வருஷம் மின்னியாபோலிஸுக்கு மேல் வகுப்பு. அங்கே 35 ஆட்டங்களில், ஆயிரத்துக்கு 477! நூற்றுக்கு முப்பதே முதல் வகுப்பு என்றேனே, இது கிட்டத்தட்ட நாற்பத்தெட்டு. ஒரு நாள் வெளியூரில் சினிமா பார்த்துக் கொண்டிருந்தான். படத்தை நடுவில் நிறுத்தி, வில்லி மேஸ் உடனே வரவேண்டும் என்று அறிவித்தார்கள். நியூயார்க்கிலிருந்து அழைப்பு!

சந்தோஷத்தில் குதித்திருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. தன்னால் அங்கே அடிக்க முடியாது, வரவில்லை என்று டெலிபோனில் மறுத்தான். ஜெயண்ட்ஸ் மானேஜர் லியோ டுரோஷருக்கு மூக்குக்குமேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். இப்போது எவ்வளவு அடித்துக் கொண்டிருக்கிறாய் என்று அவர் கேட்டார். 477 என்றான். அதில் பாதியாவது எனக்காக அடிப்பாயா என்கிற தோரணையில் அவர் கேட்க, பையனுக்கு மறு பேச்சு இல்லை. புறப்பட்டுவிட்டான். இதில் இன்னொரு வேடிக்கை. எங்கள் செல்லப் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்களே என்று மின்னியாபோலிஸ் ஜனங்கள் மனக்கசப்புக் கொள்ளாதிருக்கவேண்டும் என்று ஜெயண்ட்ஸ் முதலாளி அந்த ஊர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துச் சமாதானம் சொன்னார்!

* * *

1951-ம் வருஷம் மே 25-ந் தேதி. வில்லிக்கு இருபது வயது முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பிலடெல்பியாவில் முதல் ஆட்டம். ஐந்து முறை நின்றான், ஒன்றும் இல்லை. அங்கே ஆடின மூன்று ஆட்டங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு முறை. சுழி, சுழி, சுழி. நியூயார்க்குக்குத் திரும்பினார்கள். மே 28-ந் தேதி, வாரன் ஸ்பான் என்ற மகா கெட்டிக்காரர் எறிந்த பந்தை அடித்தான் பாருங்கள்! இடது பக்கத்துக் கூரையையும் தாண்டிப் போய் விழுந்தது. ஹோம் ரன்! 'அப்பாடா, கிரகம் விட்டது' என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆனால் விடவில்லை. அதற்குப் பிறகு மறுபடியும் பல முறை சுழி.

அந்த நாட்களில் ஒரு தினம், ஆட்டம் முடிந்ததும் வில்லி தன் அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். இருபது வயது ஆண்பிள்ளை, தேம்பித் தேம்பி அழுதான். கோஷ்டியில் இருந்தவர்கள் போய் மானேஜரிடம் சொன்னார்கள். டுரோஷர் வந்தார். மூக்குக்குமேல் கோபம் வரும் என்று சொன்னேனே, அந்த மனுஷர்தான். தன்னால் ஆகவில்லை, திரும்ப மின்னியாபோலிஸுக்கே அனுப்பிவிடுங்கள் என்று பையன் கெஞ்சினான்.

டுரோஷர் திட்டவில்லை. "அவனைப் பார், இவனைப் பார்" என்று ஒப்பிடவில்லை. நாளைக்கு அடிக்காவிட்டால் தொலைந்தாய் என்று பயமுறுத்தவும் இல்லை. தோளில் கை வைத்து அவர் சொன்னதன் சாராம்சம் இதுதான்: நான் இந்தக் கோஷ்டிக்கு மானேஜராக இருக்கிறவரைக்கும் நடுமைதானம் உன்னுடையது, நாளைக்கும் நீதான் ஆடுகிறாய், மறுநாளும் நீதான் ஆடுகிறாய்.

யோசித்துப் பாருங்கள். அடித்தால் உனக்கு இடம் உண்டு என்று அவர் சொல்லவில்லை. இடம் உண்டு, போய் அடி என்று சொன்னார். இரண்டு வாக்கியத்திலும் வார்த்தைகள் ஏறக்குறைய அவைதான். முன்பின்னாகப் போட்டதில் ஒரு பையனின் தலையெழுத்தே மாறிப் போயிற்று. அந்த வருஷம் முடியும்போது வில்லி ஆயிரத்துக்கு 274 மார்க்கும், 20 ஹோம் ரன்களும் சேர்த்து, சிறந்த புது ஆட்டக்காரன் என்ற விருதையும் வாங்கிக்கொண்டான்.

மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஹார்லெமில் ஜாகை. வயது முதிர்ந்த ஓர் அம்மாள் வீட்டில் தங்கினான். அவளே சமைத்துப் போட்டு, துணி துவைத்து, தாய்போல் பார்த்துக்கொண்டாள். காலையில் தெருப் பையன்கள் வந்து ஜன்னலுக்கு அடியில் நின்று கூப்பிடுவார்கள். துடைப்பக் கட்டைதான் மட்டை, ரப்பர் பந்து, சாக்கடை மூடிகள்தான் எல்லைக் கோடு! மேஜர் லீக் ஆட்டக்காரன் தெருவில் இறங்கி அவர்களோடு ஆடுவான். ஆடி முடித்து எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பான்.

* * *

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1952-ல் பட்டாளத்துக்குப் போக நேர்ந்தது. 1953-ல், அவர் பட்டாளத்தில் இருக்கும்போதே, பெற்ற தாய் பிரசவத்தில் இறந்துபோனாள். 1954-ல் திரும்பி வந்து 41 ஹோம் ரன்கள். அந்த வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி உலகத் தொடர் முதல் ஆட்டத்தில், எதிர்க்கட்சிக்காரர் 420 அடிக்கு மேல் தூக்கி அடித்த பந்தை, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஓடி, தோளுக்கு மேலாக வந்ததைக் கையில் ஏந்தினார். ஏந்தின வேகத்தில் சுழன்று திருப்பி எறிந்தார். தொப்பி எங்கேயோ பறந்தது. அந்த ஒரு நிமிஷத்தை அமெரிக்காவில் இன்றைக்கும் 'அந்தப் பிடி' என்றுதான் சொல்கிறார்கள். வேறு அடையாளம் தேவையில்லை. சாதாரணமாகப் பந்து பிடிக்கும்போது, நீங்கள் பூப் பறிக்கையில் முந்தானையை ஏந்துவதுபோல், இரண்டு கையையும் இடுப்பருகே ஏந்திப் பிடிப்பார். 1973 வரையில் ஆடினார். மொத்தம் 660 ஹோம் ரன்கள்.

இவ்வளவு புகழ் வந்த பிறகும், 1957-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் அவர் வீடு வாங்கப் போனபோது, கறுப்பருக்கு விற்காதே என்று அக்கம்பக்கத்தார் தடுத்தார்கள். நகர மேயர் தலையிட்ட பிறகுதான் வீடு கிடைத்தது. பந்தைப் பிடித்தால் கை தட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்துவார்கள். இந்த வழக்கம் ஒரு தேசத்துக்கு மட்டும் சொந்தமா என்று நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் கதை பொய்க்கதை ஆகிவிடும். ஜெயண்ட்ஸ் ஆட்கள் யாரைப் பார்க்க வந்தார்களோ, அந்த அலோன்ஸோ பெர்ரி கடைசிவரை மேஜர் லீக்கில் ஆடவில்லை. வளைந்த பந்தை அடிக்கக் கற்றுக்கொடுத்தாரே பைப்பர் டேவிஸ், அவரை 1950-ல் பாஸ்டன் ரெட் ஸாக்ஸ் கோஷ்டி ஒப்பந்தம் செய்து, கீழ் வகுப்பில் நன்றாக ஆடியும் சில வாரங்களிலேயே அனுப்பிவிட்டது. அவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை. 'பூனை' என்று பெயர் வாங்கின தகப்பனாரும் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஒரு பிள்ளை உள்ளே நுழைந்தான் என்று நாம் கை தட்டுகிறோம். வெளியே நின்றவர்கள் தங்கள் தோளைக் கொடுத்துத்தான் அவனை மதிலுக்கு மேலே ஏற்றிவிட்டார்கள்.

வில்லி மேஸ் 2024-ம் வருஷம் ஜூன் மாதம் 18-ந் தேதி, தம் 93-வது வயதில் காலமானார். இரண்டு நாள் கழித்து, 20-ந் தேதி, பர்மிங்ஹாமில் ரிக்வுட் மைதானத்தில், நீக்ரோ லீக்கைக் கௌரவிப்பதற்காக முன்னமே ஏற்பாடு செய்திருந்த மேஜர் லீக் ஆட்டம் நடந்தது. பதினேழு வயதுப் பள்ளிக்கூடப் பையனாக அவர் பேரன்ஸ் கோஷ்டிக்கு ஆடின அதே மைதானம். சில வாரங்களுக்கு முன்புதான், நீக்ரோ லீக் ஆட்டங்களின் கணக்கையும் மேஜர் லீக் தன் கணக்கோடு சேர்த்துக்கொண்டிருந்தது. 1948-ல் பள்ளியும் ஆட்டமுமாக இருந்தபோது அவர் அடித்த பத்து அடிகளும் அப்படித்தான் பேரேட்டில் ஏறின. எழுபத்தாறு வருஷம் கழித்து மார்க்கு வந்து சேர்ந்தது!

ஆகவே, உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ அடுத்த முறை சுழியைக் கொண்டுவந்து முன்னால் நீட்டும்போது கொஞ்சம் பொறுங்கள். படிப்பைக் கவனிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தலைமை ஆசிரியர் மாதிரி கண்டிப்பாகவே இருங்கள். கால அட்டவணையும் போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வார்த்தை: "நாளைக்கும் நீதான் ஆடுகிறாய்." அதைச் சொல்லிவிட்டு, தட்டில் இன்னும் ஒரு கரண்டி சாதம் போடுங்கள்.